எரிபொருள் விலையும் எமது வீட்டுக் கணக்கும்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்த எவருக்கும் எண்ணெயின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தை இயக்கி விடுவதற்குச் சில துளி பெற்றோல், அதன் பின் ஓடுவதற்கு மண்ணெண்ணெய் என்று எமது மக்கள் வழி கண்டனர். ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். எண்ணெய் எப்போது வரும், எவ்வளவு வரும், என்ன விலைக்கு வரும் என்பதை அறிந்து கொள்ள அன்று எமக்கு எந்த வழியும் இருக்கவில்லை. கேள்விப்பட்டதை நம்பினோம், வரிசையில் நின்றோம்.

இன்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் எமக்கு நிலைமை வேறு. இங்கு எரிபொருளின் விலை பற்றிய தகவல்கள் நாள்தோறும், பெரும்பாலும் இலவசமாக, எவரும் பார்க்கக்கூடியதாக வெளியிடப்படுகின்றன. ஆயினும் எம்மவரில் பலர் இன்னமும் கேள்விப்பட்டதை நம்பியே பெற்றோல் நிலையத்துக்குச் செல்கின்றனர். "நாளைக்கு ஏறப் போகிறதாம்" என்று ஒருவர் சொன்னால் அன்றிரவே வரிசை நீள்கின்றது. விலை உச்சத்தில் நிற்கும் நாளில் தாங்கி நிறைய அடித்துவிட்டு, அடுத்த கிழமை அது இறங்கிய பின் மனம் வருந்துகின்றோம்.

இது சிறிய விடயம் அன்று. பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில், டண்டினோங் போன்ற இடங்களில் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் அதிகாலையில் அல்லது நள்ளிரவில் வேலைக்குச் செல்பவராக இருக்கின்றார். தொழிற்சாலை, துப்புரவுப் பணி, முதியோர் பராமரிப்பு, வாடகைக் கார் என்று அந்த வேலைகள் பலவும் பேருந்து ஓடாத நேரத்தில் தொடங்குபவை. அவர்களுக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருள் ஆகாது. அது வேலையின் ஒரு பகுதி. வீட்டு வாடகை மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்க மனம் வருவதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும் செலவு பெற்றோலே. ஆகவே அதன் விலை எவ்வாறு உருவாகின்றது, அதனை எவ்வாறு வாசிப்பது என்பதை இவ்வாரம் சற்று விரிவாக நோக்குவோம்.

விலை எங்கிருந்து வருகின்றது?

அவுஸ்திரேலியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு காலத்தில் பல நகரங்களில் இயங்கின. சிட்னியில் கிளைட் நிலையம் 2012இலும் கேர்ணெல் நிலையம் 2014இலும் சுத்திகரிப்பை நிறுத்தின. மெல்பேர்ணின் அல்ரோனா நிலையம் 2021இல் மூடப்பட்டது. அதன் பின் எஞ்சியவை ஜீலோங், பிரிஸ்பேணின் லிற்றன் ஆகிய இரண்டு மட்டுமே. எனவே இந்நாட்டில் விற்பனையாகும் எரிபொருளின் மிகப் பெரும் பகுதி, சுத்திகரிக்கப்பட்ட நிலையிலேயே கப்பலில் வந்து இறங்குகின்றது.

இதனால் இங்குள்ள விலையைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெறுவது சிங்கப்பூர்ச் சந்தை. தொலைக்காட்சிச் செய்தியில் நாம் கேட்கும் "பிரெண்ட்" என்பது மசகு எண்ணெயின் விலை. ஆனால் எமது கார் குடிப்பது மசகு எண்ணெயை அன்று, சுத்திகரித்த பெற்றோலை. அதற்குரிய அளவுகோல் சிங்கப்பூரின் "மோகாஸ் 95" விலையாகும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும்; சில வேளைகளில் பிரிந்தும் செல்லும். சிங்கப்பூரில் ஏற்படும் மாற்றம் எமது பெருநகர்ப் பெற்றோல் நிலையங்களுக்கு வந்து சேர ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் பிடிக்கும். "நேற்று எண்ணெய் விலை விழுந்ததாமே, இங்கு ஏன் இறங்கவில்லை?" என்று கேட்போருக்கு விடையின் ஒரு பகுதி இதுவே.

அடுத்தது நாணயமாற்று வீதம். எண்ணெய் அமெரிக்க டொலரில் விற்கப்படுகின்றது. அவுஸ்திரேலிய டொலர் பலவீனமடைந்தால், உலகில் எண்ணெய் விலை அசையாமல் நின்றாலும் எமக்கு அது ஏறும். இதற்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. ஒரு பரல் என்பது ஏறத்தாழ 159 லீற்றர். எமது டொலர் ஒன்று 65 அமெரிக்கச் சதம் பெறும் வேளையில், பரலுக்கு ஒரு அமெரிக்க டொலர் ஏறினால் இங்கு லீற்றருக்கு, விற்பனை வரியும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு சதம் ஏறும். பரலுக்கு 10 டொலர் ஏறியதாகச் செய்தி வந்தால், இரு வாரத்தில் லீற்றருக்குப் பத்துச் சதமளவில் எதிர்பார்க்கலாம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்திருந்தாலே வீண் வதந்திகளில் பாதி அடங்கிவிடும்.

மூன்றாவது வரி. எரிபொருள் மீதான கலால் வரி விலையின் வீதமாக அன்றி, லீற்றருக்கு இத்தனை சதம் என்று விதிக்கப்படுவது. 2001ஆம் ஆண்டு முதல் 2014 நவம்பர் வரை அது 38.143 சதத்தில் அசையாது நின்றது. அதன் பின் ஆண்டில் இரு முறை, பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும், வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணுக்கு ஏற்ப உயர்த்தப்பட்டு 2025 ஓகஸ்டில் 51.6 சதமாயிற்று. இதன் மேல் பத்து வீதப் பொருட்கள் சேவைகள் வரியும் உண்டு. லீற்றர் 180 சதம் என்று கொண்டால், அதில் ஏறத்தாழ 68 சதம் அரசுக்குச் செல்கின்றது.

எஞ்சியது இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி ஆகியோரின் செலவும் இலாபமும். எம்மால் ஏதாவது செய்ய முடிந்த பகுதி இந்தக் கடைசிப் பகுதி மட்டுமே. சிங்கப்பூர் விலையையோ வரியையோ எம்மால் மாற்ற இயலாது. சில்லறை இலாபம் குறைந்திருக்கும் நாளைத் தெரிந்தெடுத்து வாங்க எம்மால் இயலும்.

பெருநகரங்களின் விலைச் சுற்று

சிட்னி, மெல்பேர்ண், பிரிஸ்பேண், அடிலெயிட், பேர்த் ஆகிய ஐந்து பெருநகரங்களிலும் பெற்றோல் விலை ஒரு சுற்றாகவே இயங்குகின்றது. விலை ஒரு சில நாட்களில் திடீரெனத் தாவும். பின்னர் நாளுக்கு ஓரிரு சதமாக மெல்ல மெல்ல இறங்கும். அடிமட்டத்தை அடைந்ததும் மீண்டும் தாவும். இந்தச் சுற்று உலகச் சந்தையால் ஏற்படுவது அன்று. சில்லறை வியாபாரிகளின் விலைக் கொள்கையால் ஏற்படுவது என்பதை அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு தன் அறிக்கைகளில் பல தடவைகள் எடுத்துரைத்துள்ளது.

இங்கு நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் "செவ்வாய்க்கிழமை மலிவு, வியாழக்கிழமை விலை" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். 2000களின் நடுப்பகுதியில் அது பெரிதும் உண்மையாகவே இருந்தது. அன்று சுற்று ஒரு வாரமாக இருந்தது. பின்னர் கிழக்குக் கரை நகரங்களில் சுற்று நீண்டு பல வாரங்களாயிற்று. அதன் நீளமும் ஒழுங்கற்றது. ஆகவே கிழமையை மட்டும் பார்த்து வாங்கும் பழக்கம் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இனிப் பயன் தராது.

அடிக்கும் உச்சிக்கும் இடையிலான வித்தியாசம் சில சுற்றுகளில் லீற்றருக்கு 40 சதத்தையும் தாண்டியுள்ளது. 50 லீற்றர் தாங்கி ஒன்றுக்கு அது 20 டொலர். பல்பொருள் அங்காடியின் பற்றுச்சீட்டைக் கவனமாகச் சேர்த்து வைத்து லீற்றருக்கு 4 சதம் கழிவு பெறுகின்றோம். அதே தாங்கிக்கு அக்கழிவு 2 டொலர் மட்டுமே. இரண்டு டொலருக்காகக் காட்டும் அக்கறையை இருபது டொலருக்கும் காட்டுவது தகும் அல்லவா?

தகவல் யார் கையில் இருந்தது?

இந்த விலைத் தகவல் எமது கைக்கு வந்த கதையும் அறியத்தக்கது. பெரிய விற்பனையாளர் சிலர் "இன்ஃபோர்ம்ட் சோர்சஸ்" என்னும் நிறுவனத்தின் ஊடாகத் தத்தம் விலைகளை மிகக் குறுகிய நேர இடைவெளியில் பரிமாறி வந்தனர். வாங்குபவருக்கோ வீதியோர விலைப்பலகை ஒன்றே துணை. இந்தப் பரிமாற்றம் விலைப் போட்டியைக் குறைக்கக் கூடியது எனக் கூறி மேற்படி ஆணைக்குழு 2014இல் நீதிமன்றம் சென்றது. 2015 டிசெம்பரில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. அதே தகவல் நுகர்வோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அந்த இணக்கத்தின் சாரம்.

மேற்கு அவுஸ்திரேலியா இதில் முன்னோடி. அங்கு 2001ஆம் ஆண்டு முதல் "பியூவல்வாட்ச்" திட்டத்தின் கீழ் ஒவ்வொரு நிலையமும் மறுநாள் விலையை முதல் நாளே அறிவித்து, 24 மணி நேரம் அதனை மாற்றாது வைத்திருக்க வேண்டும். அதனை நாடு முழுவதற்கும் விரிவாக்க முயன்ற சட்டமூலம் 2008இல் மேற்சபையில் தோல்வியுற்றது. நியூ சவுத் வேல்ஸில் 2016 ஓகஸ்டில் "பியூவல்செக்" தொடங்கியது. மாநிலத்தின் எரிபொருள் நிலையங்கள் தமது விலையை அதில் பதிவது சட்டப்படி கட்டாயம். விக்டோரியா பிந்தி வந்தது. 2025இல்தான் மாநில அரசின் கைப்பேசிச் செயலியில் "சேர்வோ சேவர்" என்னும் விலை ஒப்பீடு சேர்க்கப்பட்டது. இவை யாவும் இலவசம்.

மூன்று எண்கள் போதும்

எண்ணெய்ச் சந்தையின் அனைத்துத் தரவுகளையும் வீட்டில் இருந்து ஆராய வேண்டியதில்லை. மூன்று எண்களை வாரத்துக்கு ஒரு தடவை ஒரு கொப்பியில் குறித்து வந்தால் போதுமானது.

முதலாவது, களஞ்சிய வாயில் விலை. "டேர்மினல் கேட் பிரைஸ்" என வழங்கும் இது, மொத்த வியாபாரிகள் துறைமுகக் களஞ்சிய வாயிலில் கேட்கும் விலை. கலால் வரியும் விற்பனை வரியும் இதில் அடக்கம். 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள எண்ணெய் விதிக்கோவையின்படி இதனை நாள்தோறும் வெளியிடுவது கட்டாயம். அவுஸ்திரேலியப் பெற்றோலிய நிலையமும் நகரவாரியாக இதன் சராசரியைத் தொகுத்து வெளியிடுகின்றது.

இரண்டாவது, அன்றைய நகரச் சராசரிச் சில்லறை விலை. மூன்றாவது, எமது வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே நாம் செல்லும் வழியில் உள்ள மிகக் குறைந்த விலை.

இனி முடிவெடுப்பது எளிது. சில்லறை விலை களஞ்சிய வாயில் விலையை நெருங்கிவிட்டதாயின், வியாபாரியின் இலாபம் மிகவும் குறுகிவிட்டது. இனி இறங்க அதிக இடமில்லை. தாங்கியை நிரப்பும் வேளை அதுவே. சில நிலையங்கள் மட்டும் திடீரென விலையை உயர்த்தி, ஏனையவை பழைய விலையிலேயே நிற்பதைக் கண்டால், சுற்று திரும்பத் தொடங்கிவிட்டது. உயர்த்தாத நிலையத்தில் அன்றே நிரப்புவது நன்று. மாறாக, இரு விலைகளுக்கும் இடையிலான இடைவெளி அகன்று நின்றால் உச்சம் அது. வேலைக்குப் போய் வரத் தேவையான 10 அல்லது 15 லீற்றர் மட்டும் அடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

இதனைச் செய்ய இயலாதோருக்கு இன்னும் எளிய வழியுண்டு. மேற்படி ஆணைக்குழுவே ஐந்து நகரங்களுக்கும் விலைச் சுற்றின் வரைபடத்தையும், இப்போது வாங்கலாமா காத்திருக்கலாமா என்ற ஆலோசனையையும் தன் இணையத்தளத்தில் வெளியிட்டு வருகின்றது. ஆங்கிலமும் கைப்பேசியும் பழகாத மூத்தோருக்குப் பிள்ளைகள் இதனைப் பார்த்துச் சொல்வது ஒரு நிமிட வேலை. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை வாயிலில் காத்து நிற்கும் பெற்றோர் இதனைத் தமக்குள் பகிர்ந்துகொண்டால் பலர் பயன் பெறுவர்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். நான்கு சதம் மலிவென்று பத்துக் கிலோமீற்றர் சுற்றிச் செல்வதில் பொருளில்லை. நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் குடிக்கும் கார், அந்தச் சுற்றுப் பயணத்திலேயே ஒரு லீற்றரைக் குடித்துவிடும். மிச்சம் பிடித்த இரண்டு டொலர் அதற்கே சரியாகிவிடும்.

பெரிய முடிவுகளும் நீண்ட கணக்கும்

எப்போது நிரப்புவது என்பது சிறிய முடிவு. எந்தக் காரை வாங்குவது, வேலைக்கு எவ்வளவு தூரத்தில் வீடு எடுப்பது என்பன பெரிய முடிவுகள். இவற்றுக்கு இன்றைய விலைப்பலகையை நம்பக் கூடாது. பல ஆண்டுச் சராசரியை நோக்க வேண்டும்.

ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் குடிக்கும் பழைய கார் 1,500 லீற்றர் கேட்கும். ஆறு லீற்றர் குடிக்கும் கார் 900 லீற்றரில் அதே தூரம் ஓடும். வித்தியாசம் 600 லீற்றர். லீற்றர் 180 சதம் எனில் ஆண்டுக்கு 1,080 டொலர். ஆகவே சிறிய காருக்கு 2,000 டொலர் கூடுதலாகக் கொடுத்தால் இரண்டாண்டுக்குள் அது மீளும். 6,000 டொலர் கூடுதலாகக் கொடுத்தால் ஐந்தாண்டுக்கு மேல் செல்லும். விலை உச்சத்தில் நிற்கும் வேளையில் சிறிய கார்களை எல்லோரும் தேடுவதால் அவற்றின் விலையும் ஏறிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

எண்கள் சொல்லாதவை

தரவு எதிர்காலத்தைச் சொல்லும் சோதிடம் அன்று. 2020 ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்க மசகு எண்ணெயின் ஒப்பந்த விலை பூச்சியத்துக்கும் கீழே, பரலுக்கு எதிர் 37 டொலருக்கும் அப்பால் வீழ்ந்தது. அதனை முன்கூட்டி அறிந்தவர் அரிது. அன்றும் சிட்னியில் எவருக்கும் இலவசமாகப் பெற்றோல் கிடைக்கவில்லை. அது அமெரிக்காவின் உட்பகுதியில் ஒப்படைக்க வேண்டிய எண்ணெய்க்குரிய விலை. எமது வரியும் கப்பற் கூலியும் அப்படியே இருந்தன. இங்கு விலை பெரிதும் குறைந்ததெனினும், முடக்கத்தில் வீட்டில் இருந்த எமக்கு அதனால் ஆன பயன் சொற்பமே.

2022 பெப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைனுள் படையெடுத்ததும் விலை வானளாவியது. மார்ச் 30 முதல் கலால் வரி 44.2 சதத்தில் இருந்து 22.1 சதமாக ஆறு மாதங்களுக்குக் குறைக்கப்பட்டது. செப்டெம்பர் 29இல் முழு வரி மீண்டபோது நள்ளிரவுக்கு முன் நிரப்பிவிட எங்கும் அவசரம் காணப்பட்டது. நிலையங்களின் தாங்கிகளில் குறைந்த வரியில் வாங்கிய எரிபொருள் இன்னும் இருந்தது என்பதை அறிந்தோர் அவசரப்படவில்லை. எண்கள் எமக்குச் செய்யக்கூடிய உதவி இதுதான்: நாளையைச் சொல்லா; இன்றைய பதற்றத்தைத் தணிக்கும்.

தாயகம் தந்த பாடம்

தகவல் மறைக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையே சான்று. அங்கு 2018 மே மாதம் எரிபொருளுக்கு விலைச்சூத்திரம் ஒன்று அறிமுகமாயிற்று. உலக விலைக்கேற்ப மாதந்தோறும் விலை மாறும் முறை அது. 2019 இறுதியில் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. 2020இல் உலக விலை வீழ்ந்தபோது 92 ஒக்டேன் பெற்றோல் 137 ரூபாவிலேயே நின்றது. மக்களுக்கு இறக்கம் கிடைக்கவில்லை. 2021இல் உலக விலை ஏறியபோதும் உள்நாட்டு விலை அதற்கேற்ப அசையவில்லை. மக்களுக்கு எச்சரிக்கையும் கிடைக்கவில்லை.

பின்னர் எல்லாம் ஒரேயடியாக வந்தன. 2021 டிசெம்பரில் 177 ரூபாவாக இருந்த லீற்றர், 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் மாதத்தில் 470 ரூபா. ரூபாவின் பெறுமதியும் சரிந்தது. நாட்கணக்கில் வரிசை நீண்டது. ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்து, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என அளந்து கொடுக்கப்பட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாயிற்று. அந்த மண்ணெண்ணெயில் படகோட்டும் வடக்குக் கிழக்கு மீனவர் பலர் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தனர். விலை சிறிது சிறிதாக மாறி, மாற்றத்தின் காரணமும் அவ்வப்போது அறிவிக்கப்பட்டிருந்தால், நாட்டின் நெருக்கடி நீங்கியிராது. ஆனால் ஓர் இரவில் நான்கு மடங்கு அதிர்ச்சியை அந்த ஏழைக் குடும்பங்கள் தாங்க வேண்டியிருந்திராது.

ஒரு காலத்தில் எமக்கு எண்ணெயும் மறுக்கப்பட்டது. எண்ணெய் பற்றிய செய்தியும் மறுக்கப்பட்டது. இந்நாட்டில் எண்ணெய் விலை எமக்குக் கடினமாக இருக்கலாம். செய்தி எமக்குத் திறந்தே இருக்கின்றது. அதனைப் பயன்படுத்தாது விடுவது, வீட்டு வாசலில் கிணறு இருக்க அயலில் தண்ணீர் கடன் கேட்பதற்கு ஒப்பாகும். இவ்வாரம் பெற்றோல் நிலையத்துக்குப் புறப்படும் முன் வாசகர்கள் ஒரு கொப்பியை எடுத்து மூன்று எண்களைக் குறித்துப் பார்க்க வேண்டுகின்றோம். இரண்டு மாதம் தொடர்ந்து குறித்தால் சுற்றின் போக்குக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். மாதத்தில் ஒரு தாங்கிக்கு மிஞ்சும் இருபது டொலர், பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கோ ஊரில் உள்ள தாயின் மருந்துக்கோ உதவுமாயின் அதுவே இக்கட்டுரையின் பயன்.